முதலில் மன்னிப்புக் கேளுங்கள், சகோதரரே

மதிப்பெண்ணை மறைத்த 14 வயது மகனிடம் கத்திவிட்டீர்கள், பைபிள் வசனம் சொல்லிக் கண்டித்தீர்கள், மூன்று வாரமாக அவன் 'ம்' என்பதற்கு மேல் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் கனத்தது. என் மகளிடம் நானும் இதே தவற்றைச் செய்திருக்கிறேன்.

பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6-ஐ அவனுக்குக் காட்டினீர்கள். அதே அதிகாரத்தின் 4-ஆம் வசனம் நம்மைப் பார்த்துப் பேசுகிறது: பிள்ளைகளைக் கோபப்படுத்தக் கூடாது. கொலோசெயர் 3:21 காரணத்தையும் சொல்கிறது, அவர்கள் திடனற்றுப்போவார்கள், அதாவது மனம் சோர்ந்துபோவார்கள். உங்கள் மகனின் மௌனம் திமிர் அல்ல, அந்தத் திடனற்ற நிலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

"நான் கத்தியது தவறு, மன்னித்துவிடு" என்பதோடு நிறுத்துங்கள். "ஆனால் நீயும்..." என்று தொடர்ந்தால் அது மன்னிப்பு ஆகாது. நான் கேட்டபோது மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான்கு நாள் கழித்து, இரவில் என் அறை வாசலில் வந்து நின்று, "அப்பா, தூங்கிவிட்டீர்களா?" என்றாள். அன்று அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

மதிப்பெண் விஷயத்தை இன்னொரு நாள் பேசுங்கள். பொய்யைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் "ஏன் மறைத்தாய்?" என்று விசாரிக்காமல், "என்னிடம் சொல்ல எது பயமாக இருந்தது?" என்று கேளுங்கள். பதில் உங்களைப் பற்றியதாகவே இருந்தாலும் குறுக்கிடாதீர்கள். இன்னொன்று: குடும்ப ஜெபத்தில் அவன் தவற்றை எல்லோர் முன்னும் ஜெபக்குறிப்பாக்கிவிடாதீர்கள். அவனுக்காகத் தனியே முழங்காலில் நில்லுங்கள்.