லூயிஸ் லாமூர்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: வெஸ்டர்ன் கதை என்றாலே லூயிஸ் லாமூர் பெயரைச் சொல்கிறார்களே, யார் சார் இவர்?

அமெரிக்க மேற்குப் பகுதியின் கௌபாய் கதைகளை, அதாவது வெஸ்டர்ன்களை, எழுதிய அமெரிக்க எழுத்தாளர். 1908இல் வட டகோட்டாவின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர். அப்பா கால்நடை மருத்துவர். வங்கிகள் ஒவ்வொன்றாகத் திவாலாகி விவசாயிகள் நொடித்துப்போக, 1923 குளிர்காலத்தில் குடும்பமே ஊரைக் காலி செய்தது. பதினைந்து வயதில் பள்ளிக்கு முழுக்கு. அப்புறம் சுரங்கம், மர ஆலை, சரக்குக் கப்பல், குத்துச்சண்டை மேடை எனக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார்.

கேள்வி: நேரில் பார்த்து எழுதினாரா, கேள்வி ஞானமா?

இரண்டும்தான். சின்ன வயதில் மேற்கு டெக்சாஸில் செத்த மாடுகளின் தோலை உரிக்கும் வேலை கிடைத்தது. நாற்றம் தாங்காமல் மற்றவர்கள் கிட்டே வரமாட்டார்கள். கூட இருந்தது ஒரே ஒரு முதியவர், சிறுவனாக அப்பாச்சி என்ற அமெரிக்கப் பழங்குடியினரிடம் பிடிபட்டு அவர்களிடமே வளர்ந்தவர். கத்தியும் கையுமாக அந்தப் பையன் அவரிடம் கேட்ட கதைகள்தான் பின்னாளில் நாவல்களாயின. அவர் எழுதிய மலையும் சுனையும் நம் காலடியில் இருப்பதுபோலத் தோன்ற இதுதான் காரணம் என்பேன்.

கேள்வி: 'ஹாண்டோ' முதலில் படமா, நாவலா?

முதலில் சிறுகதை. 1952இல் கோலியர்ஸ் பத்திரிகையில் வந்தது. இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒரு பெண் வீட்டு வாசலில் நிற்கிறாள். பின்னால் இரண்டு குழந்தைகள், எதிரே அப்பாச்சிகள். தொடக்கமே இதுதான்! ஜான் வெய்ன் நடித்த படமும் லாமூர் எழுதிய நாவலும் 1953இல் வந்தன. அவர் வாழ்க்கை திரும்பியது அங்கேதான்.

கேள்வி: தன் புத்தகங்களையே தன்னுடையவை இல்லை என்றாராமே?

உண்மைதான். ஹாப்பலாங் கேசிடி என்ற கௌபாய் நாயகனின் நாவல்கள் நான்கை டெக்ஸ் பர்ன்ஸ் என்ற பெயரில் எழுதினார். மூல ஆசிரியர் மல்ஃபோர்ட் படைத்த முரட்டு கௌபாயையே எழுத லாமூருக்கு ஆசை. பதிப்பகமோ திரையில் வந்த கறுப்புடைக் கனவானைத்தான் கேட்டது. அந்த மனக்கசப்பில் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை. அவர் மறைந்த பிறகுதான் அவை அவர் பெயரில் வந்தன. பணத்துக்காக எழுதியதைக்கூட இப்படி மனத்தில் வைத்திருந்தார் என்பது எனக்கு அவர்மேல் மரியாதையைக் கூட்டுகிறது.

கேள்வி: அவர் நாவல்கள் பத்து படித்தேன் அண்ணா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே?

சரிதான், மறுக்கமாட்டேன் தம்பி. திருத்தி எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை, நூற்றுக்கு மேல் எழுதினார். சாக்கெட் குடும்பக் கதைகளை மட்டும் தொடர்ச்சியாகப் படித்துப் பாருங்கள். இங்கிலாந்தின் சதுப்பு நிலத்தில் தொடங்கும் ஒரு வம்சம், தலைமுறை தலைமுறையாக மேற்கே நகரும்.

கேள்வி: விருதுகள்?

1982இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம், 1984இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம்.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?

'ஹாண்டோ'. அடுத்து, அவர் 1988இல் இறந்து, அதன்பின் வெளியான தன்வரலாறு 'எஜுகேஷன் ஆஃப் எ வாண்டரிங் மேன்'. 1930களில் எந்த ஆண்டில் என்னென்ன படித்தார் என்ற பட்டியல் கடைசியில் இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள்.