கோழி மயிர ஓடையில கொட்டாம என்னா செய்யலாம்?

கேள்வி: எங்க தோட்டத்துல நாலஞ்சு வீட்ல ப்ராய்லர் கோழி வளக்குறோம், தீவாளி நத்தாருக்கு உரிச்சு விக்கிறதும் நாங்கதான். மயிரு, கொடலு, முட்டைக்கோது எல்லாம் கீழ ஓடைக்குத்தான் போகுது. கோழி மயிர்ல பிளாஸ்டிக்கும் மருந்தும் செய்றாங்கன்னு ஃபோன்ல பாத்தேன், நெசமா? நாங்களும் ஏதாச்சும் செய்ய ஏலுமா?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: நெசந்தான் தங்கச்சி. கோழி மயிர்ல பத்துக்கு ஒம்போது பங்கு கெரட்டின்னு ஒரு புரதம், நம்ம தலமுடி நகம் எல்லாம் அந்தக் குடும்பந்தான், அதுக்குள்ள கந்தகப் பிணைப்பு இறுக்கிப் புடிச்சிருக்கிறதால தண்ணில கரையாது, லேசுல உக்காது. அந்தப் பிணைப்ப அவுத்துட்டா புண்ணுக்குப் போடுற ஜெல்லு, மெல்லிசான பிளாஸ்டிக் தாளு மாதிரி சாமான்லாம் செய்யலாம், ஆனா அது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்துலதான் இருக்கு. மருந்தா நெசமாவே வந்தது சேவல் கொண்டைல இருந்துதான்: முழங்கால் தேஞ்சவங்களுக்குப் போடுற சின்விஸ்க் ஊசி, அதுல இருக்கிற ஹயலூரோனிக் அமிலம் கொண்டையில எடுத்தது, அமெரிக்காவுல 1997ல அனுமதி குடுத்தாங்க.

வீட்ல கெரட்டின் எடுக்க மட்டும் தயவுசெஞ்சு பாக்காதீங்க. அதுக்குப் பாவிக்கிற சோடியம் சல்ஃபைடுல அமிலம் பட்டா விஷவாயு வரும், உசுருக்கே ஆபத்து.

ஒங்களால ஏலுறது உரம். காஞ்ச மயிர்ல 100க்கு 15 பங்கு கிட்ட நைதரசன், 2021ல உரம் கெடைக்காம பட்ட பாடு நெனவிருக்குமே, அவ்வளவு சத்த ஓடையில விடுறோம்! மயிருல எண்ணெப் பசை இருக்கிறதால தண்ணி ஒட்டாது, அதனால ஒரு ராவு நல்லா ஊற வச்சு, காஞ்ச எலை, மரத்தூள் நெறையப் போட்டு, நடுவுல மாட்டுச்சாணி கரைச்சு ஊத்தி அடுக்குங்க, குமிய அப்பப்ப பொரட்டி ஈரம் காயாம பாத்துக்கிட்டா உள்ளுக்குள்ள நல்லா சூடேறும், ஆனா மாசக்கணக்குல ஆகும், அவசரப்பட ஏலாது.

முட்டைக்கோது கிட்டத்தட்ட முழுசும் கல்சியம் காபனேற்று. கழுவி, வறுத்து, மாவா இடிச்சு லீக்ஸ், கோவா பாத்திக்குப் போடுங்க, புளிச்ச மண்ணுக்கு நல்லது, அரகொறையா ஒடச்சுப் போட்டா வருஷக்கணக்கா அப்புடியே கெடக்கும். தேயில தூருக்கு மட்டும் போட்டுடாதீங்க, தேயிலைக்குப் புளிப்பு மண்ணுதான் வேணும், புளிப்ப அளக்குற பிஎச் கணக்குல 4.5ல இருந்து 5.5 வரைக்கும்.

கொடலையும் ரத்தத்தையும் தனியா ஆழமா குழி வெட்டி, தண்ணி எடுக்கிற எடத்துக்குத் தூரமா பொதைங்க. மேலால கெடந்தா நாய் கூடும், நாயத் தேடி லயத்துக்குச் சிறுத்தப்புலி வரும். ஒங்க ஓடைத் தண்ணி கெசல்கமு ஓயாவுல சேந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போயி, களனி கங்கையா கொழும்புக்காரங்க குடிக்கிற தண்ணியாவும் ஆகுது, அதனால இத நாலஞ்சு வீட்டுக்காரங்களும் சேந்து ஒரே குழி, ஒரே குமின்னு பேசி முடிச்சுக்கங்க, தீவாளிக்கு முன்னாடியே.