சார்செலில் பெரிய வீட்டைப் பிரிக்கலாமா?

தம்பி, புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து பிரான்சுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, மைத்துனரோடு சேர்ந்து பாரிஸுக்கு வடக்கே சார்செல் பக்கம் நாலு வீடு உள்ள பழைய கட்டடம் வாங்கப் போகிறோம், அதில் பெரிய வீட்டை இரண்டு ஸ்டூடியோவாக, அதாவது ஒற்றை அறை வீடுகளாகப் பிரித்தால் வாடகை கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடும். ஆனாலும் பிரிக்காதீர்கள்.

நானும் முத்தியால்பேட்டைக்காரன்தான். அப்பா சொல்தா பென்ஷனில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷனில், மாடி மேல் மாடி எழுப்பி, போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விட்டதைப் பார்த்து வளர்ந்தவன். அதே கணக்கைத்தான் இங்கேயும் போட்டேன். சதுர மீட்டருக்கு ஸ்டூடியோ வாடகைதான் அதிகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்பது வருஷத்தில் என் ஸ்டூடியோவின் தபால் பெட்டியில் பதினோரு பெயர் ஒட்டிவிட்டேன். பழைய பசை மேல் புது ஸ்டிக்கர் நிற்பதுகூட இல்லை. சாமான்களோடு விடும் வீடு என்பதால் ஒரு மாத நோட்டீஸில் கிளம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பெயிண்ட், சாவி, காலியாகக் கிடக்கும் நாட்கள்.

மேலே இருக்கும் எஃப்4, அதாவது சமையலறையை எண்ணாமல் ஹாலும் மூன்று பெட்ரூமும், அதன் பெட்டியில் முதல் நாள் ஒட்டிய பெயரே வெளுத்துப்போய் இருக்கிறது. காரைக்கால் குடும்பம், மூன்று பிள்ளைகள், கூடவே பாட்டி. அரசு வாடகை வீட்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்துவிட்டு வந்தவர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் எர்-ஈ-எர் டே புறநகர் ரயில் ஸ்டேஷனும் நடக்கும் தூரத்தில். எதற்கு நகரப் போகிறார்கள்?

பயமும் உண்டு. வாடகை நின்றால் பெரிய தொகை நிற்கும்; நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை யாரையும் வெளியேற்ற முடியாது. 'நம்ம ஊர்க்காரர்தானே' என்று சம்பளச் சீட்டு பார்க்காமல் ஒருமுறை சாவியைக் கொடுத்து, ஏழு மாத வாடகையை விட்டேன். ஊர்ப்பாசத்தைக் கல்யாண வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் இல்லாமல் கையில் பணம் வாங்கும் பழக்கமும் வேண்டாம். காஃப் என்ற அரசு அலுவலகம் தரும் வாடகை உதவித்தொகை கிடைக்காமல் குடியிருப்பவர்தான் கஷ்டப்படுவார்.

பிரிப்பது சும்மா சுவர் எழுப்பும் வேலையும் இல்லை. 14 சதுர மீட்டருக்குக் குறைந்த வீடாகப் பிரிக்கச் சட்டம் விடாது, பல ஊர்களில் மேரியில், அதாவது நகராட்சியில், முன் அனுமதியும் வாங்க வேண்டும்.

சரி, அந்தக் கட்டடத்தின் டிபிஇ தாளை, அதாவது வீடு எவ்வளவு எரிசக்தி தின்னும் என்று ஏ முதல் ஜி வரை தரம் போடும் சான்றைப் பார்த்தீர்களா? பழைய சன்னல், கரண்ட் ஹீட்டர் என்றால் கடைசித் தரமான ஜி வகுப்பாக இருக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து ஜி வீட்டுக்குப் புது ஒப்பந்தம் போட முடியாது. விலை பேசும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.