எபிஸ்கோபல் கோவிலுக்குப் போகலாமா? ராலேயிலிருந்து கேட்ட தம்பிக்கு

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், வேலைக்காக அமெரிக்காவில் வட கரோலினாவின் ராலே வந்து இரண்டு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் எபிஸ்கோபல் கோவில், வாசலில் ‘உங்களை வரவேற்கிறது’ என்று போர்டு. உள்ளே போகலாமா, நற்கருணை எடுக்கலாமா, ஆறு வயதுப் பையனை என்ன செய்வது, இவர்கள் எதை விசுவாசிக்கிறார்கள், சேர என்ன செய்யவேண்டும் என்பவை உங்கள் கேள்விகள்.

தாராளமாகப் போங்கள், தம்பி. இங்கிலாந்து சபையோடு உறவுள்ள சபைகளின் உலகக் கூட்டமைப்பான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் சி.எஸ்.ஐ.யும் இருக்கிறது, இவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கா விடுதலை அடைந்தபின் இங்கிலாந்து சபையிலிருந்து பிரிந்து தனியாக நின்றவர்கள் இவர்கள். 1789-ல் தங்களுக்கென்று சட்டமும் ஜெபப் புத்தகமும் வகுத்துக்கொண்டார்கள். போர்டில் இருக்கும் கேடயத்தைக் கவனியுங்கள். வெள்ளையில் பெரிய சிவப்புச் சிலுவை, மேல் மூலையில் நீலத்தில் ஒன்பது குட்டிச் சிலுவைகள். அந்த ஒன்பதும் 1789-ல் இருந்த ஒன்பது திருமண்டலங்கள், அதாவது பேராயரின் கீழ் வரும் சபைப் பகுதிகள். இந்தக் கேடயத்தைப் பார்த்துத்தான் போகவேண்டும். ‘ஆங்கிலிக்கன்’ என்று மட்டும் போர்டு வைத்திருக்கும் பல கோவில்கள் 2009-ல் தனியாக அமைந்த வேறு சபையைச் சேர்ந்தவை. ஆராதனை ஒன்றுபோல் இருந்தாலும் நிர்வாகமும் சில நிலைப்பாடுகளும் வேறு.

இனி விசுவாசம். கையெழுத்துப் போடச் சொல்லி யாரும் கொள்கைப் பட்டியல் நீட்டமாட்டார்கள். ‘இவர்கள் எதையுமே உறுதியாக நம்புவதில்லை’ என்று நம்மவர்கள் சிலர் சொல்வது இதனால்தான். அது சரியில்லை. இருக்கையில் இருக்கும் 1979-ம் வருஷத்து ஜெபப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எந்தப் பிரதியிலும் பக்க எண் ஒன்றுதான். 358-ம் பக்கத்தில் நிசேயா விசுவாசப்பிரமாணம், நீங்கள் ஊரில் சொன்னதேதான். 845-ல் கேள்வி பதிலாக ஞானோபதேசம் தொடங்குகிறது. 304, 305 இரண்டும்தான் இந்தச் சபையின் உயிர்நாடி. ஞானஸ்நானத்தின்போது எல்லோரும் எழுந்து நின்று அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லி, அதோடு ஐந்து வாக்குக் கொடுப்பார்கள்: ஐக்கியத்திலும் அப்பம் பிட்குதலிலும் ஜெபத்திலும் நிலைத்திருப்பது, தீமையை எதிர்த்து நிற்பதும் விழுந்தால் மனந்திரும்புவதும், சொல்லாலும் நடத்தையாலும் சுவிசேஷத்தை அறிவிப்பது, எல்லா மனிதரிடத்திலும் கிறிஸ்துவைத் தேடிச் சேவிப்பது, நீதிக்காக உழைத்து ஒவ்வொரு மனிதரின் மாண்பையும் மதிப்பது. இவர்கள் ‘எல்லோரும் வாருங்கள்’ என்று சொல்வதற்கு அடிப்படை கடைசி இரண்டு வாக்குகள்.

வேதாகமம், இரண்டு விசுவாசப்பிரமாணங்கள், ஞானஸ்நானமும் நற்கருணையும், வழிவழியாக வரும் பேராயர் பணி என்ற நான்கும் இருந்தால் சபைகள் ஒன்றாகலாம் என்று 1886-ல் சிக்காகோவில் முதலில் சொன்னவர்கள் இந்த எபிஸ்கோபல் பேராயர்கள்தான். உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு 1888-ல் அதை ஏற்றது. 1919-ல் நம் தரங்கம்பாடியில், இந்தியரான முதல் ஆங்கிலிக்கன் பேராயர் அசரியா முன்னின்று நடத்திய கூட்டத்தில் தென்னிந்தியச் சபைகளின் ஐக்கியத்துக்கு அடிப்படையாக வைத்ததும் இதே நான்கு அம்சங்கள். அதன் பலன்தான் 1947-ல் பிறந்த சி.எஸ்.ஐ.

ஊரோடு வித்தியாசப்படும் இடத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெண்கள் குருவானவராகலாம் என்று 1976-ல் முடிவெடுத்தார்கள். இப்போது பெண் பேராயர்கள் பலர் உண்டு. ஒரே பாலினத்தவர் திருமணத்தை 2015-ல் ஏற்றார்கள். பக்கத்து இருக்கையில் அப்படி ஒரு குடும்பம் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா என்று யாரும் சோதிக்கப் போவதில்லை. ஆனால் காப்பி நேரத்தில் அதைத் தர்க்கத்துக்கு எடுப்பது அநாகரிகம். மனசு ஒப்பவில்லை என்றால் இப்போதே வேறு சபை பார்ப்பது நல்லது. இரண்டு வருஷம் கழித்துப் பையனின் நண்பர்களைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போவது அதைவிடச் சிரமம்.

ஞாயிறு காலை எட்டு மணி ஆராதனை என்றால் பெரும்பாலும் பழைய நடை ஆங்கிலம், பாட்டு இருக்காது. பத்து அல்லது பத்தரை மணி ஆராதனைக்குப் போங்கள். பிள்ளைகள் இருப்பது அதில்தான். குடும்பமாக ஒரே இருக்கையில் உட்காரலாம், முக்காடு வேண்டாம், செருப்பைக் கழற்றவேண்டாம். வாசலில் தரும் தாளில் ஆராதனை முறை இருக்கும். பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் என்று நான்கு வாசிப்பு. சுவிசேஷத்துக்கு எல்லோரும் நிற்பார்கள். பாட்டுகள் ஆங்கிலம்தான், ஆனால் நம் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் பழகிய ராகங்கள் அடிக்கடி காதில் விழும்.

நற்கருணைக்கு வருவோம், அதிகம் தடுமாறுவது இங்கேதான். சபைச் சட்டப்படி எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவரும் எடுக்கலாம். பையன் குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அவனும் எடுக்கலாம். வளர்ந்தபின் விசுவாசத்தைத் தானே உறுதிசெய்யும் திடப்படுத்தல் வரை காத்திருக்கவேண்டாம். அது உங்கள் முடிவு. வேண்டாமென்றால் இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், குருவானவர் ஆசீர்வதித்து அனுப்புவார். இதை முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்காவிட்டால் அவன் கையை நீட்டுவான், அப்பமும் வந்துவிடும். பெரியவர்கள் இடது உள்ளங்கையின் மேல் வலது உள்ளங்கையை வைத்து நீட்டவேண்டும். விரலால் எடுக்கப் போகவேண்டாம். கிண்ணத்தில் இருப்பது திராட்சைச் சாறு இல்லை, நிஜ ஒயின். எல்லோருக்கும் ஒரே கிண்ணம். கொடுப்பவர் பிடியை விடமாட்டார். கிண்ணத்தின் அடியை இலேசாகப் பிடித்து உங்கள் பக்கம் சாய்த்தால் போதும். பிடுங்கினாலும் சிந்தும், தொடாமல் நின்றாலும் சிந்தும். ஒயின் வேண்டாமென்றால் அப்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நற்கருணையில் ஒரு குறையும் இல்லை. கோதுமை ஒவ்வாதவர்களுக்குப் பல கோவில்களில் தனி அப்பம் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

அந்த ‘கேட்டால்தான்’ என்பதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கதவு நிஜமாகவே திறந்திருக்கிறது, ஆனால் யாரும் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். சமாதான வாழ்த்தின்போது கைகுலுக்குவார்கள், பெயர் கேட்பார்கள். அப்பா யார், எந்தத் தெரு என்று துருவமாட்டார்கள். ஊரில் அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று தெரிந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் மூன்று வாரம் வராவிட்டால் உபதேசியார் வீட்டுக்கு வரும் பழக்கமும் இங்கே கிடையாது. ஆராதனை முடிந்ததும் காருக்கு ஓடிவிட்டால் ஒரு வருஷம் ஆனாலும் யாருக்கும் உங்களைத் தெரியாது. பக்கத்து ஹாலில் காப்பி இருக்கும், இருபது நிமிஷம் நில்லுங்கள். புதியவர் அட்டையை நிரப்பிக் காணிக்கைத் தட்டில் போடுங்கள். வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நீங்களே சபை அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். நோயாளி விவரத்தை ஆஸ்பத்திரி தானாகச் சபைக்குச் சொல்லாது.

காணிக்கை விஷயம் நம்மவர்களுக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆகும். குருவானவர் சம்பளம், கரண்ட் பில், கூரை ரிப்பேர் எல்லாம் அந்தக் கோவில் வருமானத்திலிருந்துதான். அதனால் அக்டோபர், நவம்பரில் ‘பிளெட்ஜ்’ அட்டை வரும்: அடுத்த வருஷம் இவ்வளவு தருவேன் என்று எழுதிக் கொடுப்பது. நம் சங்கக் காணிக்கை மாதிரிதான், ஆனால் தொகையை நீங்கள் வைப்பது. அதை வைத்துத்தான் பட்ஜெட் போடுவார்கள். வேலை போனால் ஒரு வரி எழுதிக் குறைத்துக்கொள்ளலாம். அது கடன் இல்லை. தட்டில் பெயரில்லாமல் போடும் ரொக்கம் உங்கள் கணக்கில் ஏறாது. செக் அல்லது எண் போட்ட கவர் நல்லது. ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்து வரிவிலக்குக் கேட்பதானால், சபையின் எழுத்துச் சான்று கையில் இருக்கவேண்டும்.

நிர்வாகம் வெஸ்ட்ரி என்னும் கமிட்டியிடம். வருஷக் கூட்டத்தில் தேர்தல். திருமண்டலத் தேர்தலைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது சப்பென்று இருக்கும். குருவானவரைப் பேராயர் மாறுதல் போட்டு அனுப்புவதில்லை. வெஸ்ட்ரிதான் தேடி அழைக்கும், பேராயர் பார்த்து ஒப்புவார். அதனால் ஒருவர் போனால் அடுத்தவர் வர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். உங்கள் திருமண்டலத்தின் தலைமை அலுவலகம் ராலேயிலேயே இருக்கிறது. 2018-ல் இளவரசர் ஹாரி திருமணத்தில் பிரசங்கம் செய்த மைக்கேல் கர்ரி, தலைமைப் பேராயர் ஆவதற்கு முன் அங்கேதான் பேராயராக இருந்தார்.

பண்டிகைகளில் ஏமாறவேண்டாம். கிறிஸ்துமஸின் பெரிய ஆராதனை 24-ம் தேதி சாயங்காலமும் இரவும். 25 அதிகாலை நான்கு மணிக்குப் புதுத்துணியோடு போனால் பூட்டைத்தான் பார்க்கலாம். டிசம்பர் 31 இரவு ஆராதனை பெரும்பாலான கோவில்களில் இல்லை. பெரிய வெள்ளி பெரும்பாலும் ஆபீஸ் நாள்தான். மதியமோ இரவு ஏழு மணிக்கோ ஆராதனை இருக்கும், நேரத்தைக் கேட்டுவையுங்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால், ஈஸ்டர் முன்னிரவு, பெந்தெகொஸ்தே, சகல பரிசுத்தவான்கள் ஞாயிறு, ஜனவரியில் ஆண்டவரின் ஞானஸ்நான ஞாயிறு ஆகியவற்றையே விரும்புவார்கள். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வருவதானால் டிக்கெட் போடுமுன் தேதி பேசிவிடுங்கள்.

சேருவதற்கு ஊர் ஐயரிடம், அதாவது உங்கள் சி.எஸ்.ஐ. குருவானவரிடம், மூன்று காகிதம் வாங்குங்கள்: எல்லோருக்கும் ஞானஸ்நானச் சான்று, உங்கள் இருவருக்கும் திடப்படுத்தல் சான்று, சபை மாற்றுக் கடிதம். கடிதத்தை ஆங்கிலத்தில் சேகர (அந்தக் குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு கேளுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் சான்றில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால் இரண்டையும் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். இன்ஷியல் விரிவில்தான் வழக்கமாகச் சிக்கல். திடப்படுத்தியது யார் என்பதும் அதில் இருக்கட்டும், பேராயரா என்று இங்கே கேட்பார்கள். காகிதம் வரும்வரை காத்திருக்காமல் இந்த ஞாயிறே போகலாம்.