அடுப்படிக் கேள்வி பதில்: ஒரே தட்டில் மீனும் காயும்

கேள்வி: பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிடும். பையன் கேக் கேட்டான் என்று வாங்கிய 28 லிட்டர் ஓடிஜி (கேக் சுடும் சின்ன மின்சார அடுப்பு) சும்மா கிடக்கிறது. போன வாரம் மீன், உருளைக்கிழங்கு, கேரட் எல்லாவற்றையும் மசாலா தடவி ஒன்றாக வைத்தேன். மீன் சக்கையாகிவிட்டது, கிழங்கு வேகவே இல்லை. எங்கே தப்பு? - வாசகி, திருப்பூர்

பதில்: அம்மணி, உங்க மசாலா மேல ஒரு குத்தமும் இல்லீங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல உள்ள தள்ளினீங்க பாருங்க, அதுதான் தப்பு. ஒரு இஞ்ச் கனத்துல நறுக்கின மீன் பத்துப் பன்னெண்டு நிமிஷத்துல வெந்துரும். கிழங்குக்கு அரை மணி நேரம் வேணும். கிழங்கு வேகட்டும்னு காத்திருந்தா மீன் காஞ்சுதான் போகும். அதனால காய் முதல்ல, மீன் அப்புறம். இதை மட்டும் மாத்திப் பாருங்க.

வீட்டுக்குள்ள வந்ததும் சேலை மாத்தறதுக்கு முந்தியே ஓடிஜியைப் போட்டு விடுங்க. 200 டிகிரி, மேல கீழ ரெண்டு கம்பியும் எரியணும், பத்து நிமிஷம் வெறுமனே காயட்டும். அதுக்குள்ள ஒரு உருளைக்கிழங்கு, ஒரு கேரட், ஒரு கீத்து அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) நறுக்கிக்குங்க. கிழங்கும் கேரட்டும் அரை இஞ்சுக்கு மேல வேண்டாம், அரசாணி சீக்கிரம் குழையும்கிறதால அது மட்டும் பெருசா இருக்கட்டும். பதினைஞ்சு சின்ன வெங்காயத்தை உரிச்சு முழுசாவே போடுங்க. ரெண்டு கரண்டி கடலெண்ணெய், உப்பு, மஞ்சத்தூள் போட்டுக் கையாலயே பிசறி, தட்டுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பரப்பி உள்ள வெச்சிருங்க. இருபது நிமிஷம். நடுவுல ஒரு வாட்டி கிளறி விட்டாப் போதும்.

இனி மீன். எங்க வீட்டுல முத வாட்டி வெச்சப்ப, பவானிசாகர்ல வாங்கின கட்லா மீனைக் கழுவின ஈரத்தோடயே மசாலா தடவி வெச்சுட்டேன். திறந்து பாத்தா தட்டு முழுக்கத் தண்ணி. மசாலா எல்லாம் கழண்டு அதுல மிதந்துச்சு, வறுத்த வாசம் துளியும் இல்லை. கம்பிச் சூட்டுல அந்தத் தண்ணி வத்தின பொறகுதான் மீனு செவக்க ஆரம்பிக்கும். அதுக்குள்ள உள்சதை காஞ்சிரும். அதனால துண்டுக்கு உப்புத் தடவிப் பத்து நிமிஷம் வைங்க, தண்ணி விடும். அதைச் சுத்தமான வெள்ளைத் துணியில ஒத்தி எடுத்துட்டு மசாலாவைத் தடவுங்க. ஆறு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, மூணு வரமிளகாய், ஒரு ஸ்பூன் மல்லி, ஒரு ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சீரகம். தண்ணி ஊத்தாம ஒரு கரண்டி கடலெண்ணெய் விட்டுக் கெட்டியா அரைங்க. உப்பு ஏற்கெனவே மீன்ல ஏறியிருக்கும், மசாலாவுல கொஞ்சமாப் போட்டாப் போதும்.

இருபது நிமிஷம் ஆனதும் தட்டை வெளிய எடுத்து, காயை ஓரமா ஒதுக்கிட்டு, நடுவுல நாலு துண்டு மீனை வைங்க. பத்து நிமிஷம் ஆனதும் கனமான துண்டுல முள்ளை ஒட்டிக் கத்தி முனையை வுட்டு லேசா விலக்கிப் பாருங்க. சதை கண்ணாடி மாதிரி இருந்தா இன்னும் ரெண்டு நிமிஷம். பால் வெள்ளையாகி, ஏடு ஏடா முள்ளை விட்டுப் பிரிஞ்சா ஆச்சு. மேல தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை வெள்ளையாக் கசிஞ்சிருந்தா சூடு கூடிப் போச்சுன்னு அர்த்தம், அடுத்த வாட்டி ரெண்டு நிமிஷம் முன்னாடியே எடுங்க. நெறம் பத்தலைன்னா கடைசி ரெண்டு நிமிஷம் மேல் கம்பியை மட்டும் வைங்க, ஆனா பக்கத்துலயே நின்னு பாத்துக்கணும். எலுமிச்சம்பழம் மேசைக்கு வந்த பொறகு பிழிஞ்சாப் போதும். அதுல முன்கூட்டியே ரொம்ப நேரம் ஊற வெச்சா அந்தப் புளிப்பே சதையை இறுக்கிரும்.

சூடா ரசஞ்சோறு, பக்கத்துல இந்தத் தட்டு. வேற ஒண்ணும் வேண்டியதில்லை.

கரண்டு பில்லை நினைச்சுப் பயப்படாதீங்க. 1500 வாட் ஓடிஜி நாப்பது நிமிஷம் நிக்காம எரிஞ்சாலும் ஒரு யூனிட்தான் ஆகும். சூடு ஏறினதும் கம்பி விட்டு விட்டுத்தான் எரியும், அதனால அதைவிடக் குறையும். ஆனா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகவே கூடாது. சுவத்துல 16 ஆம்பியர் பிளக்குலதான் போடணும்.

கேள்வி: மேட்டூர் டேம் கட்லா வாங்கினால் சேற்று வாடை அடிக்கிறது. ஓடிஜியில் வைத்தால் இன்னும் தூக்குமா? - வாசகர், பவானி

பதில்: குழம்புலயாவது புளி இருக்கு, வாடையை அமுக்கிரும். இதுல புளி இல்லாததால வாடை தெரியத்தான் செய்யும். தண்ணியில இருக்கிற பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்குற ஒரு பொருள் மீனோட தோல்லயும் கொழுப்புலயும் தங்கிருது, அதோட வாடைதான் அது. புளிப்பு பட்டா அது முறிஞ்சு போகும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைச்சு, துண்டுகளைப் பத்தே நிமிஷம் அதுல போட்டு, நல்லா அலசி, துடைச்சிட்டு மேல சொன்ன மாதிரி செய்யுங்க. வயித்துக்குள்ள ஒட்டியிருக்கிற கருப்புச் சவ்வை நகத்தால சுரண்டி எடுத்துருங்க. குழந்தைங்க சாப்பிடுற வீடுன்னா கட்லாவோட பொடி முள்ளுக்கு கோயமுத்தூர் உக்கடம் மார்க்கெட்ல வஞ்சரம் வாங்குறது நிம்மதி. நம்ம பக்கம் கடல் மீன் ஐஸ்ல வர்றதுதானுங்க, செவுளைத் தூக்கிச் செவப்பா இருக்கான்னு பாத்துட்டுக் காசு குடுங்க.

கேள்வி: மீன் வைத்த ஓடிஜியில் கேக் செய்தால் நாறுகிறது. - வாசகி, பொள்ளாச்சி

பதில்: கீழ் கம்பிக்கு அடியில ஒரு மெல்லிசான தகடு இருக்கும், இழுத்தா வரும். மசாலா எண்ணெய் சொட்டிக் கிடக்கிறது அங்கதான், நிறையப் பேர் அதை எடுத்துக் கழுவுறதே இல்லை. பிளக்கைப் பிடுங்கி, நல்லா ஆறின பொறகு தகட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. அப்புறம் ஒரு எவர்சில்வர் போசியில தண்ணியும் பிழிஞ்ச எலுமிச்சைத் தோலும் போட்டு 150 டிகிரியில கால் மணி நேரம் வைங்க. ஆறினதும் சுவரை ஈரத்துணியால துடைச்சு, கதவைத் திறந்து போட்டுருங்க. கம்பி மேல மட்டும் ஈரம் பட வேண்டாம்.

கேள்வி: வாழை இலையில் கட்டி வைக்கலாமா? - வாசகி, கோபி

பதில்: தாராளமா. இலையைத் தணல்ல வாட்டி மடிச்சாக் கிழியாது. 200 டிகிரியில பதினெட்டு நிமிஷம் வைங்க, மீன் ஆவியில பூ மாதிரி வெந்திருக்கும், செவக்காது. இலை நுனி கம்பியில படாம உள்ள மடிச்சுச் சொருகிருங்க, பட்டாக் கருகிப் புகையும்.