பாடுபவர் காதுக்கு எதை அனுப்புவது? வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

இந்த முறை ஹெட்போன் கலவை, அதாவது பதிவின்போது பாடுபவர் காதில் கேட்கும் கலவை பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். வில்லுப்பாட்டு, கிறிஸ்துமஸ் கேரல், மேளம் என்று நெல்லைச் சீமை வீட்டு ஸ்டுடியோக்களில் பதிவாகும் சங்கதி பலவிதம். தகராறு மட்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: பதிவு செய்பவர் தனக்குப் பிடித்த கலவையையே பாடுபவர் காதுக்கும் அனுப்பிவிடுகிறார்.

வள்ளியூர் வாசகர்: அண்ணாச்சி, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் எங்க இன்டர்ஃபேஸ் பெட்டியில் ஒரே ஒரு ஹெட்போன் ஜாக்தான். வில்லுப்பாட்டுக் குழுவைப் பதிவு செய்ய, நாலு பேர் மாட்டும் ஹெட்போன் ஆம்ப் ஒன்று வாங்கி, பின்பக்க லைன் அவுட்டில் இருந்து ஒரு வயர் போட்டேன். முன்பாட்டுக்காரர், ‘கிணத்துக்குள்ள இருந்து கேக்குத மாதிரி இருக்கு, என் தொண்டை எங்க போச்சுன்னே தெரியல’ன்னு சொல்லுதாவ. ஆம்ப் பழுதா?

ஆம்ப் நன்றாகத்தான் இருக்கும். வயரைப் பாருங்கள். இன்டர்ஃபேஸின் லைன் அவுட் பெரும்பாலும் பேலன்ஸ்டு வகை. பின்னின் நுனியில் சிக்னல் வரும், நடு வளையத்தில் அதே சிக்னல் தலைகீழாக வரும், அடியில் கிரவுண்ட். சிறிய ஹெட்போன் ஆம்ப்களின் இன்புட்டோ பெரும்பாலும் ஸ்டீரியோ. அதில் நுனி இடது காதுக்கு, வளையம் வலது காதுக்கு. மூன்று பட்டை ஜாக்கை இங்கிருந்து அங்கே நேராகச் சொருகினால் இடது காதில் நேர் ஒலி, வலது காதில் அதன் தலைகீழ். குரல் தலைக்கு நடுவில் நிற்காமல் சிதறிப்போகும். போதாக்குறைக்கு, ஸ்டீரியோவில் ஒரு பக்கம் மட்டும்தான் வந்திருக்கும்.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, இரண்டு மோனோ ஜாக் ஒரு ஸ்டீரியோ ஜாக்கில் சேரும் ‘ஒய்’ வயர். இடது, வலது லைன் அவுட் இரண்டிலும் மோனோ முனைகளைச் சொருகி, ஸ்டீரியோ முனையை ஆம்ப்பில் கொடுங்கள். இரண்டாவது, இருப்பதில் சுலபம்: முன்பக்க ஹெட்போன் ஜாக்கிலிருந்தே ஸ்டீரியோ வயர் ஒன்றை ஆம்ப் இன்புட்டுக்கு இழுங்கள். அந்த ஹெட்போன் நாபைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஏற்ற இறக்கத்தை ஆம்ப்பின் நாலு நாபில் மட்டும் செய்யுங்கள். பிறகு ஒரே ஒரு பேச்சுக் குரலை மோனோவில் ஓட்டிக் கேளுங்கள். நெற்றிக்கு நடுவில் கேட்டால் வயர் சரி.

இதைவிட முக்கியமான கேள்வி, உங்கள் குழுவுக்கு ஹெட்போன் தேவையா என்பது. முன்பாட்டுக்காரர் அடியை இழுக்கும்போது பின்பாட்டுக்காரர்கள் அவர் வாயைப் பார்த்துத்தான் ‘ஆமா’ போடுகிறார்கள். குடமும் உடுக்கையும் அவர் வீசுகோலைத் தூக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. ஒரே அறையில் எல்லோரும் உட்கார்ந்து பதிவு செய்தால் ஹெட்போனை மூட்டை கட்டி வையுங்கள். மாட்டிவிட்டால் அந்தக் கண் பேச்சு போய், ‘ஆமா’ அரை நொடி பிந்தி விழும்.

முன்பாட்டுக்காரரைத் தனி அறையில் வைத்தால் மட்டும் ஹெட்போன் கட்டாயம். அவர் காதில் அவர் குரலை 0 என்று வைத்துக்கொண்டு, தாளம் மைனஸ் 6 டெசிபல், உடுக்கை மைனஸ் 8, குடம் மைனஸ் 12 என்று தொடங்குங்கள். பிறகு அவர் கேட்டபடி மாற்றுங்கள். வில்லின் மணிச்சத்தம் காதைக் குத்தினால் அந்த மைக்கில் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நாலைந்து டெசிபல் குறையுங்கள், ஹெட்போனுக்குப் போகும் பாதையில் மட்டும். குடம் வாசிப்பவருக்குத் தன் குடம் பக்கத்திலேயே கேட்கும், அதை அவர் காதுக்கு அனுப்ப வேண்டாம். ஒரே கலவைதான் முடியும் என்றால் முன்பாட்டுக்காரருக்காகச் செய்யுங்கள். மற்றவர்களுக்கும் வேண்டியது அவர் குரல்தான்.

பாளையங்கோட்டை வாசகர்: கேரல் பாட்டுப் பதிவு. பாடகி தன் குரல் இரட்டையாகக் கேட்கிறது என்கிறார். பஃபர் (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் அளவு) 512. குறைத்தால் லேப்டாப் படபடவென்று பொரிகிறது.

இரட்டைக் குரலுக்கு முதல் சந்தேகம் எப்போதும் இதுதான்: இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தானும் போட்டிருக்கிறீர்கள், சாஃப்ட்வேரிலும் அந்த டிராக்கின் மானிட்டரை எரியவிட்டிருக்கிறீர்கள். மைக்கிலிருந்து நேரே ஒன்று, கம்ப்யூட்டரைச் சுற்றிக்கொண்டு ஒன்று. ஏதாவது ஒன்றை அணையுங்கள்.

எதை? 48,000 சாம்பிள் ரேட்டில் 512 பஃபர் என்றால் உள்ளே வர 10.7 மில்லிசெகண்ட், வெளியே போக இன்னொரு 10.7. கன்வெர்ட்டருக்கு ஆகும் நேரம் தனி. 21 மில்லிசெகண்ட் என்பது ஏழு மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரில் தன் குரலைக் கேட்பதற்குச் சமம். இப்படியிருந்தால் யாரும் நிம்மதியாகப் பாட முடியாது. ஆகவே சாஃப்ட்வேர் மானிட்டரை அணைத்துவிட்டு, டைரக்ட் மானிட்டரை வைத்துக்கொள்ளுங்கள். பஃபர் 512-லேயே கிடக்கட்டும், லேப்டாப்பும் பொரியாது.

அப்போது ‘வறட்டுக் குரலாக இருக்கிறது, கொஞ்சம் எக்கோ போடுங்கள்’ என்பார். இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. குரல் டிராக்கின் சாஃப்ட்வேர் மானிட்டரை மறுபடி போட்டு, அந்த டிராக் நேரே மாஸ்டருக்கு, அதாவது மொத்த வெளியீட்டுக்கு, போவதை நிறுத்துங்கள். அதிலிருந்து ரிவெர்ப் (அறை முழக்கம்) டிராக்குக்கு ஒரு சென்ட் (ஒலியின் பிரதியை அனுப்பும் கிளை) மட்டும் இருக்கட்டும். ரிவெர்ப்பை முழுக்க ‘வெட்’டில் வையுங்கள், டிரை பூஜ்யம்: முழக்கம் மட்டும் வரும், மூலக்குரல் வராது. ஒன்றேகால் வினாடி நீளம் போதும். குரல் இன்டர்ஃபேஸ் வழியே தாமதமில்லாமல் கேட்கும், ரிவெர்ப் 21 மில்லிசெகண்ட் பிந்தி வரும். ரிவெர்ப்புக்கு அந்தத் தாமதம் தோஷமில்லை, எப்படியும் ப்ரீ-டிலே (முழக்கம் தொடங்குமுன் விடும் இடைவெளி) என்று நாமே அவ்வளவு வைப்போம்.

ரிவெர்ப்பின் வால் நீண்டால் அடி முடிவுகளில் பாடகர் அவசரப்படுவதில்லை என்பது நல்லது. சுருதி சற்று விலகினாலும் அது மூடி மறைத்துவிடும் என்பது கெட்டது. எனவே கேட்டதில் பாதி கொடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் குரல் மெலிந்து, பொள்ளலாகக் கேட்டால் அந்த ஹெட்போன் பாதையில் போலாரிட்டியை (சிக்னல் நேரா, தலைகீழா என்பதை) திருப்பிப் பாருங்கள். பாடும்போது தன் குரல் எலும்பு வழியாகவும் உள்ளே கேட்கும். ஹெட்போனில் வருவது அதற்குத் தலைகீழாக இருந்தால் கீழ்ப்பகுதி ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டில் எது தடிமனாக இருக்கிறது என்று பாடகரையே கேளுங்கள், வெளியில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் கேட்காது.

களக்காடு வாசகர்: பதிவு நடுவில் நான் ஃபேடரை (டிராக்கின் ஒலியளவுத் தள்ளியை) ஏற்றி இறக்கினால் பாடுபவர் கத்துகிறார்.

அவர் கத்துவது நியாயம். காதுக்குப் போவது ப்ரீ-ஃபேடராக, அதாவது ஃபேடருக்கு முன்பே பிரிவதாக, இருக்க வேண்டும். பதிவு சாஃப்ட்வேர் ரீப்பர் என்றால் ‘காது’ என்று புது டிராக் போட்டு, அதன் மாஸ்டர் சென்டை அணைத்து, ஹார்டுவேர் அவுட்புட்டாக 3-4 கொடுங்கள். மற்ற டிராக்குகளிலிருந்து அதற்கு சென்ட் போட்டு ‘ப்ரீ-ஃபேடர்’ என்று மாற்றுங்கள். இனி நீங்கள் ஃபேடரை எப்படி ஆட்டினாலும் அவருக்குத் தெரியாது.

இரண்டே அவுட்புட் உள்ள பெட்டியில் ஒரு குறுக்கு வழி: காது கலவை முழுவதையும் இடது ஓரத்துக்கும், உங்கள் கலவையை வலது ஓரத்துக்கும் தள்ளுங்கள். இடது அவுட் ஹெட்போன் ஆம்ப்புக்கு, வலது அவுட் உங்கள் ஸ்பீக்கர் ஒன்றுக்கு. எல்லாம் மோனோதான், ஆனால் இரண்டு தனிக் கலவை. இதற்கு மோனோ ஜாக்கின் நுனியை, ஸ்டீரியோ ஜாக்கின் நுனி, வளையம் இரண்டோடும் சேர்த்துச் சால்டர் செய்த வயர் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காது ஊமை, அல்லது வள்ளியூர் வாசகரின் கதை.

தென்காசி வாசகர்: ஹெட்போன் இல்லாமல் சுருதி சுத்தமாகப் பாடுகிறவர், மாட்டினால் இறங்கிவிடுகிறார்.

முதலில் மொத்தச் சத்தத்தைக் குறையுங்கள். உரக்கக் கேட்கும்போது சுருதி இறக்கமாகப் பாடுவது அடிக்கடி நடக்கும். அடுத்து அவர் குரலின் அளவு. தன் குரல் மட்டும் பெரிதாகக் கேட்டால் பாடகர் தன்னையறியாமல் அடக்கிப் பாடுவார், மூச்சு தளரும், ஸ்வரம் தொங்கும். அவர் குரலை 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். மாறாக, இசை பெரிதாகி குரல் அமுங்கினால் கத்தி மேலே ஏறுவார்.

மூன்றாவது, பிடித்துக்கொள்ள அவருக்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள்? பேஸ், டிரம்ஸ், அகலமான சிந்த் பேட் (கீபோர்டில் பின்னணியாக நீண்டு ஒலிப்பது) ஆகியவற்றில் சுருதி பிடிப்பது கடினம். பியானோ, ஹார்மோனியம், தம்பூரா போலத் தெளிவான ஒன்றை நடுவில் வையுங்கள். கோரஸ் எஃபெக்ட் போட்ட பேடை அவர் காதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அப்படியும் சரியாகாவிட்டால் ஒரு காதைத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஆனால் திறந்த காதின் ஒலியை அணைத்து, அந்தக் கப்பைத் தலையோடு ஒட்டி வைக்க வேண்டும். பலரும் இதை மறந்துவிட, திறந்த கப்பிலிருந்து பாட்டெல்லாம் மைக்கில் விழுகிறது.

இன்னொன்று, நம் பக்கக் குழுக்கள் கொண்டுவரும் பழைய ஹார்மோனியம் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதி அளவுக்கு ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். டியூனரில் பாருங்கள். 15 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தள்ளியிருந்தால் கீபோர்டின் மாஸ்டர் டியூனை அதற்கு மாற்றுங்கள். காதில் இரண்டு சுருதி ஓடினால் எந்தப் பாடகரும் நடுவில்தான் பாடுவார்.

சங்கரன்கோவில் வாசகர்: மெதுவான பாட்டில், தாளம் காட்ட ஹெட்போனில் ஓடும் கிளிக் சத்தம் மைக்கில் விழுகிறது.

மூடிய கப் ஹெட்போனா என்று பாருங்கள். பின்பக்கம் வலை வைத்தது என்றால் பதிவுக்கு ஆகாது. பிறகு கிளிக்கின் ஒலியை மாற்றுங்கள். ‘டிக்’ என்ற கூர்மையான சத்தம்தான் அதிகம் கசியும். கட்டை தட்டுவது போன்ற மந்தமான ஒலியை எடுத்து, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுங்கள். பல்லவி முடிந்து குரல் அடங்கும் இடங்களிலும் பாட்டின் கடைசி ஸ்வரத்திலும் ஆட்டோமேஷனில் (ஒலியளவைச் சாஃப்ட்வேரே மாற்றும்படி வைப்பது) கிளிக்கை இறக்குங்கள். கசிவு வெளியே தெரிவது அங்கேதான்.

தெம்மாங்கு நடையில் ஆறு எண்ணிக்கைக்கும் தட்டும் கிளிக் வைக்காதீர்கள், அது பாடுபவரைக் கால் கட்டியதுபோல் ஆக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டு போதும். நல்ல தாளக்காரர் இருந்தால் அவர் ஜால்ராவை முதலில் பதிந்து அதையே ஓடவிடுங்கள், கிளிக்கே வேண்டாம்.

கிளிக் என்று நினைத்தது சில சமயம் ஜிமிக்கியாக இருக்கும். கப்பில் உரசி ‘கிணிங்’ என்று விழும். ஜிமிக்கி, கண்ணாடி வளையல் இரண்டையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

திசையன்விளை வாசகர்: ஒரு ஜாக்கில் ஸ்ப்ளிட்டர் போட்டு மூன்று ஹெட்போன் மாட்டலாமா?

மூன்றும் ஒரே மாடலாக இருந்தால், அவசரத்துக்கு. மின்தடை 32 ஓம் உள்ளதையும் 250 ஓம் உள்ளதையும் சேர்த்து மாட்டினால் முதலாமவருக்குக் காது கிழியும், இரண்டாமவர் கேட்கவில்லை என்பார். 32 ஓம் மூன்றைச் சேர்த்தால் இன்டர்ஃபேஸ் பார்ப்பது 11 ஓம்கூட இல்லை. ஒலி நசுங்கும். நாலு சேனல் ஆம்ப் வாங்கிவிடுங்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: கீபோர்டு டிராக்குக்கு மேல் நாதஸ்வரமும் தவிலும் பதிய வேண்டும். தவில்காரருக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்கிறார்.

சத்தத்தைக் கூட்டாதீர்கள். ஃபோம் நுனி வைத்த இன்-இயரைக் காதுக்குள் நன்றாகச் செருகி, அதற்கு மேல் தொழிற்சாலையில் போடும் காது மூடியை மாட்டுங்கள். தவில் சத்தம் வெளியே நின்றுவிடும், டிராக் தாழ்ந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்கும். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும்: 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் கால் மணி நேரம். தவிலை ஜெயிக்க ஹெட்போனை ஏற்றினால் இந்த எல்லை ஒரே பாட்டில் தாண்டிவிடும்.

நாதஸ்வரக்காரருக்கு அவர் வாத்தியத்தை அனுப்ப வேண்டாம். சீவாளி வாயில் இருப்பதால் எலும்பு வழியாகவே போதுமான அளவு கேட்கும். சுருதியும் தவிலும் கொடுங்கள். நீளமான பாரி நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் நிற்கும். டிராக்கை ஒன்றில் வைத்துக்கொண்டு அவரை அழைத்தால் அன்றைய நாள் வீண். போனில் கட்டையைக் கேட்டு, டிராக்கை மாற்றிய பிறகு வரச் சொல்லுங்கள்.

மேலப்பாளையம் வாசகர்: ஹெட்போனில் ஓயாத ‘ம்ம்ம்’ இரைச்சல்.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் அதுதான் காரணம். அந்த டேக் முடியும்வரை பேட்டரியில் ஓட்டுங்கள். நிற்காவிட்டால் ஹெட்போன் ஆம்ப்பின் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஆம்ப் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவாருங்கள், வேறுவேறு சுவர்ப் பிளக்கில் வேண்டாம். அதன் பிறகும் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பிளக்கின் எர்த் முனையைச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். இரைச்சல் நிற்கலாம், ஆனால் மைக்கைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கலாம்.