25,000 ரூபாய் இருக்கிறது: கிடாரை மாற்றுவதா, ஆம்பை மாற்றுவதா?

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "ஒன்றரை வருடமாக எலெக்ட்ரிக் கிடார் கற்கிறேன். கிடார், ஆம்ப், பை, கேபிள் எல்லாம் ஒரே பெட்டியில் வந்த செட். ஸ்ட்ராட் வடிவ கிடார், 10 வாட் ஆம்ப் (கிடாரின் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி). டிஸ்டார்ஷன் (ராக் பாட்டின் கரகர ஒலி) போட்டு கார்டு (பல சுரம் ஒன்றாக) அடித்தால் டப்பாவுக்குள் வண்டு மாட்டியது போல இருக்கிறது. ட்யூனிங்கும் நிற்பதில்லை. 25,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு நண்பன் கிடாரை மாற்று என்கிறான், ஒருவன் பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) மட்டும் மாற்று என்கிறான், இன்னொருவன் பெடல் (ஒலியை மாற்றும் கால்மிதி) வாங்கு என்கிறான். வாசிப்பது பெரும்பாலும் இரவில், அபார்ட்மென்டில். எதை முதலில் வாங்கட்டும்?"

மூன்று நண்பர்களில் ஒருவர்கூட ஆம்பைப் பற்றிப் பேசவில்லை, கவனித்தீர்களா? எல்லோருக்கும் கண்ணில் படுவது கிடார்தான். ஆனால் காதுக்கு வருவது ஸ்பீக்கரிலிருந்து.

காசை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, நல்ல ஆம்ப் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கோ கடைக்கோ போங்கள். 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள ஆம்பில் அதே கார்டை அடித்துப் பாருங்கள். முடிந்தால் நண்பரின் விலை உயர்ந்த கிடாரை உங்கள் 10 வாட் ஆம்பிலும் சொருகிப் பாருங்கள். பத்துக்கு எட்டு முறை, மலிவுக் கிடார் நல்ல ஆம்பில் பிழைத்துக்கொள்ளும். நல்ல கிடார் அந்த டப்பாவில் அதே வண்டாக மாறும். இந்தச் சோதனை தெரியாமல் நானும் ஒரு காலத்தில் ஐந்து பெடல் வாங்கினேன். ஐந்தும் அதே 6 அங்குல ஸ்பீக்கர் வழியாகத்தான் வெளியே வந்தன.

சின்னப் பெட்டி, சின்ன ஸ்பீக்கர் என்றால் அடிநாதம் வராது. அதை ஈடுகட்ட நாம் கெயினை (டிஸ்டார்ஷனைக் கூட்டும் குமிழ்) திருகுகிறோம், சத்தம் இன்னும் கரகரப்பாகிறது. ஆகவே புது ஆம்ப் பார்க்கும்போது வாட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 10 வாட் 20 வாட்டானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய சுமார் 10 மடங்கு வாட் வேண்டும். அபார்ட்மென்டில் அது எதற்கு? ஸ்பீக்கர் அளவைப் பாருங்கள், ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனாலும் ஆம்பை வாங்கும் முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. கிடாருக்கு செட்டப், அதாவது கம்பி உயரம், கழுத்து வளைவு, சுதி எல்லாவற்றையும் சரிசெய்வது. வண்டுச் சத்தத்தில் பாதிப் பழி அநேகமாக இதற்குத்தான். டிஸ்டார்ஷன் என்பது ஒலியைப் பெரிதாக்குவது மட்டுமல்ல. இரண்டு சுரங்கள் சேரும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்களையும் உண்டாக்குகிறது. கார்டு ஒரு மயிரிழை சுதி விலகியிருந்தாலும் கிளீன் சத்தத்தில் தெரியாது. டிஸ்டார்ஷனில் அது ஊரைக் கூட்டிவிடும். கம்பி ஃப்ரெட்டிலிருந்து ரொம்ப உயரத்தில் இருந்தால், அழுத்தும்போது கூடுதலாக இழுபட்டு சுதி ஏறும். உங்கள் ட்யூனர் பச்சை காட்டும், கார்டு மட்டும் கசக்கும். (முழு கார்டுக்குப் பதில் இரண்டே சுரம் கொண்ட பவர் கார்டு அடித்து, கெயினைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். இதற்குச் செலவு பூஜ்யம்.)

12ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். தடித்த கம்பிக்கு சுமார் 2 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.5 மி.மீ. இருந்தால் சௌகரியம். செட் கிடார்களில் 3 மி.மீ.யைத் தாண்டியதையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் கழுத்தின் வளைவு. கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். 7, 8ஆவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி போதும். அதைவிட அதிகமானால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருக வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுகினால் விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ட்யூனிங் நிற்காததற்கு எல்லோரும் ட்யூனிங் சாவியைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி நட், கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் பதியும் பள்ளங்கள் உள்ள துண்டு. சாவியைத் திருகும்போது "டிங்" என்று ஒரு சின்னச் சத்தம் வருகிறதா? கம்பி நட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு திடீரென்று நழுவுகிறது என்று அர்த்தம். பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துவிடுங்கள். புதுக் கம்பி போட்டால் கையால் நன்றாக இழுத்துவிட்டு மறுபடி சுதி சேருங்கள். வைப்ரேட்டோ கைப்பிடியை (பிரிட்ஜை அசைத்துச் சுதியை ஆட்டுவது) பயன்படுத்துவதில்லை என்றால், பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்கி பிரிட்ஜை உடலோடு ஒட்ட வைத்துவிடலாம். கடைசியாக இன்டோனேஷன் (கழுத்து முழுக்கச் சுதி சரியாக இருப்பது): 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அங்கேயே அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னே தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னே.

இந்த செட்டப்புக்கும் இரண்டு செட் கம்பிக்கும் (9–42 என்ற மெல்லிய அளவு போதும், கம்பியை வளைத்து வாசிப்பது சுலபம்) நல்ல கேபிள் ஒன்றுக்குமாக 3,000 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள்.

மீதி 22,000 ஆம்புக்கு. என் தேர்வு, பழைய மாடலிங் ஆம்ப் (பல ஆம்ப், பெடல்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலி செய்வது) ஒன்று. பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50 போன்றது கிடைத்தால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள்: 12 அங்குல ஸ்பீக்கர், அரை வாட்டுக்குக் குறைக்கும் ஸ்விட்ச், ஹெட்போன் துளை, யூஎஸ்பி வழியாக லேப்டாப்பில் பதிவு செய்யும் வசதி. புதிது உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்குவது கஷ்டம், ஆனால் இந்த வகை ஆம்பில் தேய்ந்துபோகும் வால்வு (கண்ணாடிக் குழாய்) கிடையாது, பழையது வாங்க அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு குமிழையும் திருகிப் பார்த்து, அரை மணி நேரம் ஓடவிட்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் கண்டிப்பானவர், கையில் லேப்டாப் இருக்கிறது என்றால் இன்னொரு வழி: ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் (கிடாரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) ஹெட்போனும். லேப்டாப்பையே ஆம்பாக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசம். அதில் கேபினெட் ஒலியை (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலி செய்வது) சேர்க்க மறந்துவிடாதீர்கள். கிடார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே அடங்கிவிடும். ஹெட்போன் அப்படி அடங்காது, வண்டு திரும்பி வந்துவிடும். விண்டோஸ் என்றால் ஏசியோ (ASIO) என்ற ஆடியோ டிரைவர் போட்டு, அதன் அமைப்பில் பஃபரை 128 வரை இறக்குங்கள், தாமதம் தெரியாது. ஒரே குறை, நண்பர் டிரம்ஸோடு உட்கார்ந்தால் இந்த ஏற்பாடு உதவாது.

பிக்கப்? இப்போதைக்கு வேண்டாம். பெடலும் வேண்டாம், மாடலிங் ஆம்புக்குள்ளேயே டஜன் கணக்கில் இருக்கும். சிங்கிள் காயிலின் (ஒற்றைச் சுருள் பிக்கப்) "ம்ம்ம்" இரைச்சல்தான் தொந்தரவு என்றால், பிக்கப் தேர்வு ஸ்விட்சை 2ஆவது அல்லது 4ஆவது நிலையில் வைத்துப் பாருங்கள். நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருந்தால் இரைச்சல் சட்டென்று குறையும். இங்கே ஒரு எச்சரிக்கை: கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு. ஆனால் கம்பியைத் தொடும்போது கையில் சுருசுருவென்று ஷாக் அடித்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். வீட்டு பிளக்கில் எர்த் இல்லாமல் இருக்கலாம், அல்லது ஆம்பிலேயே மின்கசிவு இருக்கலாம். முதலில் எலெக்ட்ரீஷியன், அப்புறம்தான் வாசிப்பு.

சரி, கிடாரை எப்போது மாற்றுவது? செட்டப் செய்ய வந்தவர் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றோ, ட்ரஸ் ராட் வேலை செய்யவில்லை என்றோ, ஃப்ரெட்கள் மேடுபள்ளமாகத் தேய்ந்துவிட்டன என்றோ சொன்னால். அப்போது மட்டும் வரிசையைத் திருப்புங்கள். யமஹா பசிஃபிகா 112வி பழையதாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஆல்டர் மரம், பிரிட்ஜில் ஹம்பக்கர் (இரைச்சல் அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), அதைச் சிங்கிள் காயிலாகப் பிரிக்கும் வசதியும் உண்டு. உங்கள் ராக் கார்டுக்கும் கிளீனுக்கும் அது ஒன்றே போதும். ஆம்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை ஹெட்போனில் ஓட்டுங்கள்.